பழைய மெஷின், பழைய வின்டோஸ்: வாசகர் கேள்வி பதில்

சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் மெஷின்களின் பராமரிப்பு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: இரும்பு நன்றாக இருக்கிறது, அதை ஓட்டும் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது. கோவையில் கன்ட்ரோலர் ரிப்பேர் வேலையில் இருப்பவன் நான். என் மேஜைக்கு நாள்தோறும் வருவதும் இதே கவலைதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, என்னிடம் மெல்லிய கம்பியில் மின்பொறி விட்டு இரும்பை வெட்டும் ஒரு ஒயர்கட் மெஷின் இருக்கிறது. வின்டோஸ் 2000-ல் ஓடுகிறது. இன்றுவரை அளவு தவறியதில்லை. விற்ற கம்பெனியோ "இனி சப்போர்ட் கிடையாது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறது. வின்டோஸை மட்டும் புதிதாக ஏற்றித் தருகிறேன் என்று ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்கிறார். எது சரி? (வாசகர், கணபதி, கோவை)

இரண்டும் வேண்டாம். முக்கியமாகக் கடைக்காரர் சொல்வதைச் செய்துவிடாதீர்கள்.

உங்கள் மெஷினில் இருப்பது பார்வைக்குத்தான் வீட்டுக் கம்ப்யூட்டர். அதன் மதர்போர்டில் ஒரு கார்டு செருகியிருக்கும். மோட்டார், மின்பொறி தரும் ஜெனரேட்டர், லிமிட் சுவிட்ச் எல்லாம் அந்தக் கார்டு வழியாகத்தான் பேசுகின்றன. அந்தக் கார்டுக்கான டிரைவரை மெஷின் கம்பெனி அந்தக் குறிப்பிட்ட வின்டோஸுக்காகவே எழுதியது. அதை எழுதியவர்கள் இப்போது வேறு மாடல்களுக்குப் போய்விட்டார்கள். இன்றைய 64 பிட் வின்டோஸ் பழைய 32 பிட் டிரைவரைத் தொடவே தொடாது. புது வின்டோஸ் அழகாகத் திறக்கும், ஆனால் மெஷின் அசையாது. பழையதை அழித்துவிட்டிருந்தால் திரும்பப் போகவும் வழி இருக்காது. மைக்ரோசாஃப்ட் வின்டோஸ் 2000-ஐ 2010 ஜூலையிலும், எக்ஸ்பியை 2014 ஏப்ரல் 8-ம் தேதியும் கைவிட்டது. கைவிட்டது என்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று பொருள். வெட்டுகிற வேலை அதனால் ஒரு மைக்ரான்கூட மாறாது.

மெஷினை வைத்திருக்கலாமா என்பதை இரும்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நல்ல ஸ்டீலில் 20 மில்லி சதுரம் ஒன்று வெட்டி, இரண்டு திசையிலும் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். டேபிளின் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என வெட்டி ஒப்பிடுங்கள். அளவு ஒத்துவந்தால் டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூவும் கைடும் சுகமாக இருக்கின்றன என்று அர்த்தம். அப்படிப்பட்ட மெஷினைக் கம்ப்யூட்டருக்காக எடைக்குப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. ஒரு பட்டறைக்காரர் கடன் வாங்கி, தவணை கட்டி முடித்து, இப்போதுதான் லாபம் பார்க்க ஆரம்பித்திருப்பார். அந்த நேரம் பார்த்துப் புதுக்கடன் எடுக்கச் சொல்கிறார்கள்.

கன்ட்ரோலர் போர்டே போய்விட்டது, பழைய போர்டும் எங்கும் கிடைக்கவில்லை என்றால் ரெட்ரோஃபிட், அதாவது பழைய இரும்பில் புதுக் கன்ட்ரோல் மாட்டுவதை யோசிக்கலாம். லேத், மில்லிங் போன்றவற்றில் அது நன்றாகவே வரும். ஒயர்கட்டில் ஜெனரேட்டரும் கன்ட்ரோலும் பின்னிப் பிணைந்து கிடப்பதால் செலவும் கூடும், பலனும் நிச்சயமில்லை. ஆகவே இருக்கிறதைக் காப்பாற்றுவதுதான் உங்களுக்கு வழி. எப்படி என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

மெஷினை ஆன் செய்தால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது. சில நாள் இரண்டாம் முறைதான் பூட் ஆகிறது. கம்பெனி கொடுத்த சிடி தொலைந்துவிட்டது. என்ன செய்யலாம்? (வாசகர், குறிச்சி சிட்கோ)

இந்த இதழில் அவசரமான கடிதம் உங்களுடையதுதான். இதைப் படித்ததும் கையிலிருக்கும் ஜாபை முடித்துவிட்டு மெஷினை முறைப்படி ஷட்டவுன் செய்யுங்கள். பூட் ஆகிறதா என்று மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். அந்தச் சத்தம் ஹெட் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்கேன்டிஸ்க், செக்டிஸ்க் எதையும் ஓடவிட வேண்டாம். அவை டிஸ்க்கில் எழுதும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எழுதுவது ஆபத்து.

பேனலைத் திறப்பதற்கு முன்னால், மதர்போர்டின் பயாஸ் திரையில் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து, வின்டோஸ் ஏறும் முன்பே பயாஸுக்குள் நுழைந்தால் ஒரு பூட் மிச்சம். இல்லையென்றால், டிஸ்க்கைக் கழற்றிய பிறகு பயாஸை மட்டும் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அடுத்து டிஸ்க்கின் பின்னால் பட்டைக் கேபிளின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது, ஜம்பர் எந்த இடத்தில் இருக்கிறது என்று படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

இனிமேல்தான் நிதானம் தேவை. ஐடிஇ டிஸ்க்கை (பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை) யுஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். தனி பவர் சப்ளையோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். அதை வின்டோஸ் கம்ப்யூட்டரில் செருக வேண்டாம். செருகினால் டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும், அவசரத்தில் யாராவது ஆம் என்று அழுத்திவிடுவார்கள். கேட்காவிட்டாலும் அதுபாட்டுக்கு எதையாவது எழுதிவைக்கும். பென் டிரைவிலிருந்து லினக்ஸைப் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியை ஓட்டுங்கள். அது முதலில் சுலபமாகப் படிக்க வருகிற இடங்களையெல்லாம் வேகமாக அள்ளிக்கொள்ளும். கெட்ட இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காது. தாண்டிப்போய், மற்றதை முடித்துவிட்டு, கடைசியில் திரும்பி வந்து அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எங்கே விட்டது என்று ஒரு குறிப்புக் கோப்பிலும் எழுதிக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல டிஸ்க் என்றால் சீக்கிரம் முடியும். உங்களுடையதற்கு ராத்திரி முழுக்க ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டாம். டிஸ்க் மேல் ஒரு சின்ன ஃபேனை ஓடவிடுங்கள்.

கிடைப்பது ஒரே பெரிய கோப்பு. டிஸ்க்கின் முதல் பிட்டிலிருந்து கடைசி பிட்வரை அப்படியே அதில் இருக்கும். ஃபோல்டர்களை மட்டும் இழுத்துப் போட்டு "காப்பி எடுத்துவிட்டேன்" என்று கொண்டுவருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்தக் காப்பியில் மெஷின் பூட் ஆகாது. அந்த முழுக்கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று பட்டறைக்கு வெளியே, வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

அதைப் புது மீடியாவில் எழுத வேண்டும். சுற்றுகிற ஐடிஇ டிஸ்க்கைத் தேடி அலையாதீர்கள், கிடைப்பதெல்லாம் உங்களுடையதைப் போல வயதானதுதான். ஐடிஇ அடாப்டரில் செருகும் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். கேமரா கார்டு வேண்டாம், இண்டஸ்ட்ரியல் வகை என்று கேட்டு வாங்குங்கள். அதுதான் தன்னை நிலையான டிஸ்க் என்று வின்டோஸிடம் சொல்லிக்கொள்ளும். கொள்ளளவு பழைய டிஸ்க்கைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். பழைய பயாஸ்கள் சில 8.4 ஜிபிக்கு மேல் பார்க்காது, சில 32 ஜிபியில் திணறி நிற்கும். புதுக் கார்டில் மெஷினைப் பூட் செய்து ஒரு ஜாப் முழுதாக ஓட்டிப் பாருங்கள். சரியாக ஓடினால், பழைய டிஸ்க்கை மெஷின் பெயரும் தேதியும் எழுதி உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வாசகர்களும் இதே வேலையை இந்த வாரமே செய்துவிடுங்கள். சத்தம் வராத டிஸ்க்கில் காப்பி எடுப்பது அரைநாள் வேலை. டிஸ்க் செத்தபிறகு அதே மென்பொருளை உலகம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத மெஷின்கள் உண்டு.

எங்கள் எம்பிராய்டரி மெஷினில் டிசைன் ஏற்ற ஃப்ளாப்பிதான் வழி. ஃப்ளாப்பி கிடைப்பதே இல்லை, கிடைத்தாலும் இரண்டு தடவைக்கு மேல் வருவதில்லை. (வாசகி, திருப்பூர்)

அம்மா, சோனி 2011-ல் ஃப்ளாப்பியை நிறுத்தியது. இன்று கடையில் இருப்பதெல்லாம் எங்கோ கிடந்த பழைய சரக்கு. நம் ஊர் ஈரத்துக்கும் தூசிக்கும் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். அதைப் போட்டால் டிரைவின் ஹெட்டும் கெடும்.

ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அதே 34 பின் கேபிளில் மாட்டும் எமுலேட்டர் இருக்கிறது. கோடெக் என்று கேட்டால் தெரியும். முன்பக்கம் பென் டிரைவ் செருகும் வாயும், மூன்று இலக்க எண் காட்டும் சின்னத் திரையும் இருக்கும். மெஷின் அதை ஃப்ளாப்பி என்றே நம்பும். ஒரே பென் டிரைவில் நூற்றுக்கணக்கான ஃப்ளாப்பிகளை வைத்துக்கொண்டு, பட்டனை அழுத்தி எண்ணை மாற்றிக்கொள்ளலாம். 17 சாரிபார்டர், 18 குர்தி கழுத்து என்று ஒரு நோட்டில் எழுதி மெஷின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஆபரேட்டர் மாறினாலும் குழப்பம் வராது.

வாங்குவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். உங்கள் மெஷின் படிப்பது 720 கேபியா, 1.44 எம்பியா? மெஷினில் எழுதிய ஃப்ளாப்பியைக் கம்ப்யூட்டரில் போட்டால் "ஃபார்மட் ஆகவில்லை" என்கிறதா? அப்படி என்றால் அந்தக் கம்பெனி தனக்கென்று ஒரு ஃபார்மட் வைத்திருக்கிறது. அந்த மெஷின்களுக்குக் கோடெக்கில் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற இலவச ஃபர்ம்வேரை (உள் மென்பொருள்) ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அது பல ஃபார்மட்டுகளைப் புரிந்துகொள்ளும். இன்னும் படிக்க வருகிற பழைய ஃப்ளாப்பிகளை டிரைவைக் கழற்றும் முன்பே இமேஜாக, அதாவது முழுக்கோப்பாக எடுத்துவிடுங்கள். முதலில் மெஷினின் சிஸ்டம் ஃப்ளாப்பி, அப்புறம்தான் டிசைன்கள்.

அச்சு பிளேட் எடுக்கும் எங்கள் சிடிபி மெஷினின் கம்ப்யூட்டர் எக்ஸ்பி. டிசைன் பிரிவில் புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கியதிலிருந்து அதன் ஷேர் ஃபோல்டர் தெரிவதில்லை. எஸ்எம்பி-1 என்பதை ஆன் செய்தால் சரியாகிவிடும் என்று தம்பி சொல்கிறான். செய்யலாமா? (வாசகர், சிவகாசி)

தம்பி சொல்வது உண்மைதான், ஆன் செய்தால் தெரியும். ஆனாலும் செய்யாதீர்கள்.

ஃபோல்டர் பகிர எக்ஸ்பிக்குத் தெரிந்த ஒரே பாஷை அந்த எஸ்எம்பி-1. 2017 மே 12-ம் தேதி வானாக்ரை என்ற வைரஸ் உலகைச் சுற்றி வந்தது அதில் இருந்த ஒரு ஓட்டை வழியாகத்தான். யாரும் எந்த மெயிலையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே நெட்வொர்க்கில் இருந்தாலே போதும், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகத் தாவியது. பிரான்ஸில் ரெனோ கார் ஆலைகள் நின்றன. அடுத்த மாதம் ஜப்பானில் ஹோண்டாவின் சயாமா ஆலை நின்றது. அடைபட்டவற்றில் பெரும்பாலானவை வின்டோஸ் 7. அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தும் யாரும் போட்டிருக்கவில்லை. எக்ஸ்பிக்குக் காலம் முடிந்துவிட்டிருந்ததால், தாக்குதல் நடந்த பிறகுதான் மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு திருத்தம் வெளியிட்டது. அந்த வருடக் கடைசியிலிருந்துதான் புது வின்டோஸ்களில் எஸ்எம்பி-1 தானாக வராமல் போனது. உங்கள் ஃபோல்டர் மறைந்ததற்குக் காரணம் இதுதான்.

2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சிக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். உலகத்துக்கே சிப் செய்து தரும் கம்பெனி அது. புதிதாக வந்த ஒரு மெஷினை வைரஸ் பார்க்காமல் நெட்வொர்க்கில் இணைத்தார்கள். வானாக்ரையின் ஒரு வகை அதில் இருந்தது. ஆலை ஆலையாக மெஷின்கள் நின்றன. வந்தது வெளி இன்டர்நெட்டிலிருந்து அல்ல, வாசல் வழியாக வண்டியில் இறங்கிய மெஷினிலிருந்து. அதனால்தான் "எங்கள் பட்டறையில் நெட் கனெக்ஷனே இல்லை, பயமில்லை" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. 2008 கடைசியில் கிளம்பிய கான்ஃபிக்கர் பென் டிரைவிலேயே ஊர் ஊராகப் போனது.

உங்களுக்கு வேண்டியது நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. அதில் இரண்டு நெட்வொர்க் வாய் இருக்க வேண்டும். ஒன்றில் சிடிபி மெஷின் மட்டும், மற்றொன்றில் டிசைன் பிரிவு. பெட்டியில் ஒரே ஃபோல்டர். டிசைன் பக்கத்துக்கு அதைப் புதுப் பாஷையில் காட்டும், எக்ஸ்பி பக்கத்துக்குப் பழைய பாஷையில். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் எதுவும் நேராகக் கடந்துபோகாதபடி வைக்க வேண்டும். நெட்வொர்க் தெரிந்த பையன் ஒருவனால் ஒரே நாளில் முடிகிற வேலை, செலவும் பெரிதல்ல. எக்ஸ்பியில் கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஆட்டோரனை (பென் டிரைவ் செருகியதும் தானாக ஓடுவது) நிறுத்துங்கள். பென் டிரைவ் தேவைப்பட்டால் ஒன்றே ஒன்று வைத்து, மெஷினோடு கயிற்றில் கட்டிவிடுங்கள். சர்வீஸ் இன்ஜினியர் லேப்டாப்பைக் கொண்டுவந்தால் அவரும் அந்த நடுப்பெட்டி வழியாகவே கோப்பைத் தரட்டும். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் டர்னிங் சென்டரில் (சிஎன்சி லேத்) பாராமீட்டர், அதாவது மெஷினின் அமைப்பு எண்கள், முழுக்கக் காலி. அதற்கு முன் பல நாள் திரையில் பேட்டரி அலாரம் மின்னிக்கொண்டிருந்தது. இனி இப்படி நடக்காமல் இருக்க? (வாசகர், ஓசூர்)

முதலில் எலெக்ட்ரிக் பேனல் கதவின் உள்பக்கம் பாருங்கள். மெஷின் தயாரித்தவர்கள் பாராமீட்டர் பட்டியலைக் காகிதத்தில் அங்கே வைத்திருப்பது வழக்கம். கிடைத்தால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றலாம். கிடைக்காவிட்டால் தயாரித்தவரிடம் மெஷின் சீரியல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்துப் பட்டறையின் பாராமீட்டரை அப்படியே ஏற்றாதீர்கள். ஹோம் பொசிஷனும் பிட்ச் திருத்தமும் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி.

பேட்டரி மாற்றும்போது கன்ட்ரோல் ஆனில் இருக்க வேண்டும். ஆஃப் செய்துவிட்டுப் பேட்டரியை உருவினால், பாராமீட்டர் இருக்கும் மெமரியைப் பிடித்துவைக்க வேறு எதுவும் இல்லை. பேனல் உயிரோடு இருக்கும் என்பதால் எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு, எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். பழைய ஃபனுக் 0 சீரிஸ் கன்ட்ரோலில் டார்ச்சுக்குப் போடும் பெரிய செல் மூன்று இருக்கும். அதில் ஆல்கலைன் செல்தான் போட வேண்டும். சாதா செல் ஒழுகிப் பெட்டியையே அரித்துவிடும்.

அலாரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். துடைக்க ஆஃப் செய்வதற்கு முன்னால் பேட்டரியை மாற்றி, தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். அதோடு பேனல் ஃபேன் சுற்றுகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஏப்ரல், மே வெயிலில் என்னிடம் வரும் போர்டுகளில் பலவற்றைக் கொன்றது நின்றுபோன ஒரு சின்ன ஃபேன்தான். பாராமீட்டர், லேடர் (சுவிட்ச், ரிலே வரிசையைச் சொல்லும் புரோகிராம்), ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) எல்லாவற்றையும் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் கேபிளில் லேப்டாப்புக்கு இறக்கிவைத்து, பாராமீட்டரை மட்டும் ஒரு பிரதி பிரின்ட் எடுத்து அதே பேனல் கதவில் வையுங்கள்.

வின்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் மெஷின் சாஃப்ட்வேரைப் புதுக் கம்ப்யூட்டரில் வர்ச்சுவல் மெஷினாக, அதாவது வின்டோஸுக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டராக, ஓட்ட முடியுமா? (பாலிடெக்னிக் மாணவி, சேலம்)

வரைவதும் புரோகிராம் எழுதுவதும் மட்டும் செய்கிற சாஃப்ட்வேர் என்றால் தாராளமாக. கார்டு வழியாக மோட்டாரைச் சுற்றுவது என்றால் வேண்டாம். அந்த சாஃப்ட்வேர் ஹார்டுவேரை நேராகத் தொட்டு, மைக்ரோ விநாடிக் கணக்கில் பல்ஸ் அனுப்பும். நடுவில் இன்னொரு வின்டோஸ் உட்கார்ந்தால் அந்த நேரம் தவறும், டூல் ஜாபில் குத்தும்.

வேகமும் ஒரு பிரச்சினை. டர்போ பாஸ்கலில் எழுதிய பல டாஸ் புரோகிராம்கள் வேகமான கம்ப்யூட்டரில் ஆரம்பத்திலேயே "ரன்டைம் எரர் 200" காட்டி நிற்கும். கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்கும் கணக்கில், விடை வைத்த இடத்தை மீறிவிடுவதுதான் காரணம். அதைச் சரிசெய்யும் சின்னத் திருத்தங்கள் உண்டு. பிரின்டர் போர்ட்டில் டாங்கிள் (உரிமைப் பூட்டு) மாட்டும் சாஃப்ட்வேருக்கு யுஎஸ்பி மாற்றி உதவாது, மதர்போர்டிலோ பிசிஐ கார்டிலோ நிஜமான போர்ட் வேண்டும். பழைய கார்டுகளைச் செருகும் ஐஎஸ்ஏ ஸ்லாட் உள்ள இண்டஸ்ட்ரியல் மதர்போர்டுகள் இன்னும் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு மெஷினையே காப்பாற்றும்.

நீங்கள் இதைக் கேட்டது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆர்எஸ்-232, டாஸ் கட்டளைகள், லேடர் படிப்பது, போர்டில் கெப்பாசிட்டர் மாற்றுவது ஆகிய நான்கும் கைவந்தால் கோவை, ஓசூர், சேலம் எங்கு போனாலும் உங்களுக்கு வேலை இருக்கும்.

புது மெஷின் வாங்கப் போகிறோம். இருபது வருடம் கழித்து நாங்களும் இதே பாட்டைப் படாமல் இருக்க என்ன கேட்க வேண்டும்? (வாசகர், கோவை)

எந்த வின்டோஸ் என்று கேளுங்கள். சாதாரண வின்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு காலம் முடிந்தது. அதிலேயே மெஷின்களுக்கென்று வரும் ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்ற வகைக்கு 2032 ஜனவரிவரை திருத்தங்கள் வரும். பெயர் ஒன்றுதான் என்று விற்பவர் சொல்வார், பர்ச்சேஸ் ஆர்டரில் முழுப் பெயரையும் எழுதிவாங்குங்கள். கூடவே டிஸ்க்கின் முழு இமேஜ், எல்லா டிரைவர்களும், லைசென்ஸ் எண், பாஸ்வேர்டுகள், லேடர், பாராமீட்டர் ஆகியவை பென் டிரைவில் வேண்டும் என்றும் எழுதுங்கள். மெஷினை நிறுவி ஓட்டிக்காட்டும் கமிஷனிங் அன்று அந்த இமேஜை ஒரு காலி டிஸ்க்கில் ஏற்றி, உங்கள் கண் முன்னால் மெஷினை அதில் பூட் செய்து காட்டச் சொல்லுங்கள். அது ஓடியபிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.